இரண்டாவது தாங்கியின் சாவி

காலை ஏழு மணி இருக்கும். கிழக்கு லண்டனில், குட்மேய்ஸ் வீட்டுக் குசினியில் என் மனைவி ராஜி தேங்காயெண்ணெய்ப் போத்தலை ரேடியேட்டருக்கு மேல் வைத்துவிட்டு, தலைமயிரை விரித்தபடி அது உருகக் காத்திருந்தாள். தெருவில் நின்ற கார்களின் கண்ணாடிகள் எல்லாம் வெள்ளையாகிக் கிடந்தன. பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது.

அப்போதுதான் நேசன் அழைத்தார். என் லொறியில் பொங்கல் சாமான் ஏற்றிக்கொண்டு ஸ்கொட்லாந்துக்குப் போயிருந்தவர் அவர்.

"அண்ணை, வண்டி நிண்டுட்டுது."

"எங்கை?"

"மலைக்கு மேல. இன்வர்னஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. றோட்டுக்கரையில விட்டுட்டுப் படுத்தனான். விடியப்புறம் ஹீட்டர் நிண்டுட்டுது. இப்ப எஞ்சினும் எடுக்குதில்லை. வெளியில மைனஸ் பதினாலு அண்ணை."

ஒருவன் இப்படிச் சொன்னால் மற்றவன் என்ன கேட்க வேண்டும்? உமக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்க வேண்டும். நான் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மற்றக் கையில் போனைப் பிடித்தபடி கேட்டது வேறு.

"ரெண்டாவது தாங்கிக்குள்ள என்ன ஊத்தினனீர்?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"நானோ?" என்றார் நேசன்.

அதோடு போன் நின்றுவிட்டது.

ஒரு வாசகரின் கேள்வி

டாகன்ஹாமில் யார்ட் எடுத்து, பழைய லொறி ஒன்றை வாங்கி, தமிழ்க் கடைகளுக்குச் சாமான் ஏற்றத் தொடங்கிய கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் நல்ல மரியாதையாக ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: "உங்களிடம் சாரதிகள் ஏன் நிலைப்பதில்லை?"

இந்தக் கேள்வியை யார் சொல்லிக்கொடுத்து இவர் அனுப்பினார் என்று இரண்டு நாள் யோசித்தேன். இதிலேயே பதில் பாதி இருக்கிறது.

நான் சந்தேகக்காரன். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் வணக்கம் சொன்னால் என் வேலியைப் போய்ப் பார்ப்பேன். "அப்பா, இண்டைக்கு வடிவாய் இருக்கிறீங்கள்" என்று மகள் சொன்னால் எதை உடைத்தாள் என்று தேடுவேன். டொக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்றால் எதை மறைக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்ப்பேன். ராஜி முப்பது வருடமாக இதோடு குடித்தனம் நடத்துகிறாள். அவளுக்கு இது பழகிவிட்டது. சாரதிகளுக்குப் பழகவில்லை.

மண்ணெண்ணெய் காலம்

இந்தக் குணம் எனக்கு வந்தது யாழ்ப்பாணத்தில், போரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில். டீசல் ஒரு சொட்டும் உள்ளே வராது. நாங்கள் மண்ணெண்ணெய்க்குள் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து லொறி ஓட்டினோம். வண்டி போகும் வழியெல்லாம் யாரோ வடை சுடுவதுபோல வாசம் வரும்.

மண்ணெண்ணெய் விற்றவர்களில் சிலர் அதற்குள் தண்ணீர் கலந்தார்கள். ஒருமுறை வெங்காயம் ஏற்றிக்கொண்டு வரும்போது வெட்டவெளியில் வண்டி செத்துவிட்டது. மேலே விமானம் சுற்றுகிறது. நான் லொறிக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, எண்ணெய் விற்றவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு திறந்து பார்த்தால் தாங்கிக்குள் பாதி தண்ணீர்.

அன்றைக்கு என் மண்டையில் ஒன்று ஆணி அடித்தமாதிரி இறங்கியது. லொறி நின்றால் அதற்குள் யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள். வேறு காரணம் இருக்கவே முடியாது. அதற்குப் பிறகு எந்த எண்ணெயையும் மோந்து பார்த்து, விரலில் தேய்த்துப் பார்த்து, துணியில் நனைத்துக் கொளுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அந்த வெயிலில் எண்ணெய் தானாக உறையும் என்று யார் கண்டார்?

கேள்வி கேட்கிறவர்கள்

லண்டனுக்கு வந்த புதிதில் குரோய்டனில் அகதி விண்ணப்பங்களை விசாரிக்கிற அந்த உயரமான கட்டடத்துக்குப் பலமுறை போனேன். எங்கள் ஆட்களில் அங்கே ஏறி இறங்காதவர்கள் குறைவு. என்னை விசாரித்த பெண்மணி சிரித்த முகம். எந்த வழியாக வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். தண்ணீர் தந்தார். கொஞ்சம் பொறுத்து அதே கேள்வியை வேறுமாதிரிக் கேட்டார். பிறகு இன்னொருமுறை.

அவர் தன் வேலையைத்தான் செய்தார். ஆனால் நான் அங்கிருந்து ஒரு பாடத்தோடு வெளியே வந்தேன். கேள்வி கேட்கிறவர் பதில் தெரிவதற்காகக் கேட்பதில்லை, உன்னைப் பிடிப்பதற்காகக் கேட்கிறார். பிழையான பாடம். ஆனால் படித்தது படித்ததுதான்.

பூட்டு

இனி அந்தத் தாங்கிக்கு வருகிறேன்.

என் லொறிக்கு டீசல் தாங்கி இரண்டு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எதிலிருந்து எஞ்சின் குடிக்க வேண்டும் என்பதைக் கீழே உள்ள ஒரு திருகியைத் திருப்பி மாற்றலாம். நேசனுக்கு முன்பு ஓட்டியவர் இரண்டாவது தாங்கியிலிருந்து டீசல் உறிஞ்சி எடுக்கிறார் என்று நினைத்தேன். நிரூபிக்க முடியவில்லை. இவ்வளவு சுத்தமாகச் செய்கிறான் என்றால் பெரிய கள்ளன்தான் என்று முடிவு கட்டினேன். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

பிறகு இரண்டாவது தாங்கியின் மூடிக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி ஒன்றே ஒன்று. அது என் வீட்டுச் சாவியோடு என் பையில் இருக்கும். தாங்கியை அளக்கவும் ஒரு கருவி செய்தேன். வீடு கூட்டுகிற தும்புத்தடியின் கம்பைக் கழற்றி, பேனாக்கத்தியால் கோடு வெட்டி வைத்துக்கொண்டேன். ராஜிக்குப் புதுத் தும்புத்தடி வாங்கிக்கொடுக்க வேண்டி வந்தது.

அந்த வருடம் கோடை முடியும் நேரத்தில் சாரதி இல்லாமல் நானே தெற்கு ஸ்பெயினுக்குப் போனேன். தக்காளியும் மிளகாயும் ஏற்றிவர. செப்டெம்பரிலும் அங்கே பெனியனோடு நின்று டீசல் அடித்தேன். இரண்டு தாங்கியும் கழுத்துமட்டும். திரும்பி வரும்போது முதலாவதில் ஓடி, வழியில் அதையே நிரப்பிக்கொண்டு வந்தேன். இரண்டாவதைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

யார் கையும் படாத டீசல். என்னிடம் இருந்ததில் நான் சந்தேகப்படாத ஒரே பொருள் அதுதான்.

வடக்கிலிருந்து வந்தவர்

நேசன் வந்தது கார்த்திகையில். ஐம்பதை நெருங்கும் மனிதர். நோர்வேயின் வட முனையில் மீன் லொறி ஓட்டியவர். சூரியன் எட்டிப் பார்க்காத மாதங்களில், கடலோரத்து மீன் தொழிற்சாலைகளிலிருந்து பனிக்குள்ளால் இருபது வருடம் ஓட்டியிருக்கிறார். பிள்ளைகளின் படிப்புக்காகத் தோர்ண்டன் ஹீத்துக்குக் குடிவந்திருந்தார். பேச்சுக் குறைவு. பேச்சுக் குறைந்த ஆட்களை எனக்குப் பிடிக்காது. பேச்சுக் கூடியவர்களையும் பிடிக்காது, அது வேறு கதை.

முதல் நாளே லொறியை ஒருமுறை சுற்றி வந்தார். இரண்டாவது தாங்கியின் பூட்டைப் பார்த்தார்.

"அண்ணை, இதுக்குள்ள கிடக்கிறது எந்த ஊர் டீசல்? எப்ப அடிச்சது?"

எனக்குக் காது விறைத்தது. வந்த அன்றைக்கே விசாரிக்கிறான்.

"ஏன் கேக்கிறீர்?"

"குளிர் இறுக முந்தித் தெரிஞ்சிருக்க வேணும். அதுதான்."

"நல்ல டீசல்தான். நீர் உம்மடை வேலையைப் பாரும்."

அன்று மாலை அவர் போனபின் பூட்டைத் திறந்து கம்பை விட்டுப் பார்த்தேன். கோடு சரியாக இருந்தது. இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு நாள் அவர் இல்லாத நேரம் லொறியின் முன்பகுதியைச் சோதித்தேன். இருக்கைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல் இருந்தது. மேலே ஏதோ பாசை, பாதி அழிந்த எழுத்து. திறந்து மோந்தேன். மண்ணெண்ணெய் வாசம்! என் மூக்கு மண்ணெண்ணெய்க்குப் படித்துப் பட்டம் எடுத்த மூக்கு. விசயம் எனக்கு வெளித்துவிட்டது. டீசலை எடுத்துவிட்டு இதை ஊற்றி அளவைச் சரிக்கட்டுகிற ஆள் இவர்.

போத்தலை எடுத்துப்போய் ஆபீஸ் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாட்சி வேண்டுமே.

இரண்டு நாள் கழித்து நேசன் கேட்டார். "அண்ணை, என்ரை வெள்ளைப் போத்தில் ஒண்டைக் கண்டனீங்களோ?"

"என்ன போத்தில்?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லை" என்றார்.

நான் வைத்த பொறி

பொங்கலுக்கு முதல் கிழமை வடக்கில் உள்ள கடைகளுக்குப் பச்சரிசி, சர்க்கரை, பானை, கரும்பு எல்லாம் போக வேண்டியிருந்தது. ஸ்கொட்லாந்தில் கடும் பனி என்று செய்தியில் சொன்னார்கள். நேசன் வந்து நின்றார்.

"முதலாவது தாங்கியில போறன் அண்ணை. முடிய முடிய அங்கத்தை டீசலை அடிச்சுக்கொண்டு போறன்."

"வேண்டாம். ரெண்டாவது நிறையக் கிடக்கு. போகேக்கை அதிலை போம்."

"அப்ப மூடியை ஒருக்காத் திறந்து விடுங்கோ. கடையிலை வாங்கி ஒரு சாமான் விடவேணும்."

"என்ன சாமான்?"

"குளிருக்கு விடுறது."

"பூட்டினது பூட்டினதுதான். எஞ்சின் குடிக்கிறதுக்கு மூடி திறக்கத் தேவையில்லை."

உண்மைக் காரணத்தை இப்போது சொல்கிறேன். கம்பில் அளந்து வைத்திருந்தேன். ஓடுகிற தூரத்துக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைவிட ஒரு விரல் கூடக் குறைந்தாலும் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். அதற்காகத்தான் இரண்டாவது தாங்கியில் அனுப்பினேன்.

நேசன் தோளைக் குலுக்கினார். "உங்கடை வண்டி," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

மீண்டும் குசினியில்

நின்றுபோன போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் துள்ளினேன்.

"பாத்தீரோ ராஜி! கேட்ட உடனை போனை நிப்பாட்டிப்போட்டான். கள்ளன். தாங்கிக்குள்ள எதையோ ஊத்திப்போட்டு இப்ப வண்டி நிண்டுட்டுதாம்."

ராஜி என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "அந்தத் தாங்கி பூட்டெல்லோ?"

"பூட்டுத்தான்."

"சாவி ஆரிட்டை?"

என் கை இன்னும் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. சாவி விரல்களுக்கு நடுவில் இருந்தது. அவ்வளவு நேரமும் அதைத்தான் உருட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அப்ப அதுக்குள்ள ஊத்தினது ஆர்?" என்றாள்.

கேட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள். ரேடியேட்டருக்கு மேலிருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து, உருகிவிட்டதா என்று சரித்துப் பார்த்தாள். உருகவில்லை. உள்ளே வெள்ளையாக, அசையாமல் நின்றது. முப்பது வருடமாக ஒவ்வொரு பனிக்காலமும் இந்த வீட்டில் பார்க்கிற காட்சி.

கதிரையில் இருந்துவிட்டேன்.

வெயில் நாட்டில் விற்கிற டீசல் வெயிலுக்கு என்று செய்தது. அதில் இருக்கிற மெழுகு குளிர் கூடக் கூடத் திரண்டுவிடும். அதனால்தான் ஒவ்வொரு நாட்டிலும், ஒவ்வொரு பருவத்துக்கும் வேறு வேறு மாதிரி டீசல் செய்து விற்கிறார்கள். பழையது கிடந்தால் அது திரளுமுன் மருந்து விட வேண்டும். நோர்வேயில் லொறி ஓட்டுகிறவனுக்கு இது அரிவரிப் பாடம். எந்த ஊர் டீசல், எப்போது அடித்தது என்பது அவன் கேட்கிற முதல் கேள்வி.

நேசன் அதைத்தான் கேட்டார். நான் செப்டெம்பர் மாத ஸ்பெயினைப் பூட்டி, மைனஸ் பதினாலுக்கு அனுப்பியிருந்தேன். அவருடைய மருந்து, அந்த வெள்ளைப் போத்தல், என் அலுமாரிக்குள் இருந்தது. லொறியின் ஹீட்டரும் அதே தாங்கியிலிருந்துதான் டீசல் குடிக்கும். டீசல் வடிக்கிற பில்டரை மெழுகு அடைத்தபிறகு திருகியை மாற்றினாலும் எஞ்சின் எடுக்காது.

ஐந்து மணித்தியாலம்

ஸ்கொட்லாந்தில் வண்டி இழுக்கிற ஒரு கொம்பனியைப் பிடித்தேன். மலைப்பாதை பனியில் மூடியிருக்கிறது, வழி வெட்டுகிறார்கள், வர நேரம் எடுக்கும் என்றார்கள். பொலிசுக்கும் சொன்னேன். நேசனின் போன் எடுக்கவேயில்லை.

ஒன்பது மணிபோல அவர் மனைவி தோர்ண்டன் ஹீத்திலிருந்து அழைத்தார்.

"அண்ணை, இவற்றை போன் வேலை செய்யேல்லை. உங்களோடை கதைச்சவரோ?"

"ஓம், ஏழு மணிக்குக் கதைச்சவர்."

"என்ன சொன்னவர்?"

வண்டி நின்றதைச் சொன்னேன். ஆள் அனுப்பியிருக்கிறேன் என்றும் சொன்னேன். நான் அவரிடம் என்ன கேட்டேன் என்பதைச் சொல்லவில்லை.

"அவருக்குக் குளிர் பழக்கம்தானே அண்ணை," என்றார் அந்தப் பெண். எனக்கு ஆறுதல் சொல்கிறார்! அவர் போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குசினிக் கதிரையில் இருந்து அழுதேன்.

பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் செய்தி வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார். லொறியின் பின்பக்கம் ஏறி, அரிசி மூட்டைகளை நாலு பக்கமும் அடுக்கி, பானைகளுக்குச் சுற்றியிருந்த துணிகளையெல்லாம் உடம்பில் சுற்றிக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார். வலக்கையில் இரண்டு விரல் நுனிகள் வெள்ளையாகிவிட்டன. இன்வர்னஸ் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

வண்டியைத் திருத்தியவர் பில்டரைப் படம் எடுத்து அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்குள் தண்ணீர் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ராஜியின் போத்தலுக்குள் இருந்தமாதிரியே வெள்ளையாகத் திரண்டு கிடந்தது.

சாவி

நாலு நாள் கழித்து நேசன் லொறியோடு யார்ட்டுக்கு வந்தார். இரண்டாவது தாங்கியை அடைத்துவிட்டு முதலாவதில் ஓடி வந்திருந்தார். கையில் கட்டு. விரல்கள் தப்பும், ஆனால் நுனியில் உணர்ச்சி வருமோ தெரியாது என்று டொக்டர் சொன்னாராம். லொறிச் சாவியை என் மேசையில் வைத்தார்.

"நேசன், என்னை மன்னிச்சுக்கொள்ளும்," என்றேன்.

"ஓம் அண்ணை," என்றார். மன்னித்தேன் என்பதற்கும் கேட்டது என்பதற்கும் நடுவில் நிற்கிற ஒரு ஓம்.

"வேலைக்கு..."

"இல்லை அண்ணை, நான் வரேல்லை. என்ரை போத்தில் எங்கை?"

எடுத்தீர்களா என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்டார். அலுமாரியைத் திறந்து எடுத்துக்கொடுத்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எப்போதோ தெரிந்திருக்கிறது.

"தாங்கியைத் திறவுங்கோ."

போய்த் திறந்தேன். சாவி இரண்டுமுறை வழுக்கியது. அவர் இடக்கையால் போத்தலைப் பிடித்து, கட்டுப்போட்ட கையால் அடியைத் தாங்கி, மெல்ல ஊற்றினார். நான் பிடிக்கப் போனேன். அவர் தரவில்லை.

"அரைவாசியை இறக்கிப்போட்டு இஞ்சத்தை டீசலை நிரப்புங்கோ. இனி ஆர் ஓட வாறாரோ, அவர் பாவம்."

போத்தல் முடிந்தது. மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"முதல் நாள் நான் கேட்டதுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லேல்லை அண்ணை. எந்த ஊர் டீசல்?"

"ஸ்பெயின்."

"எப்ப?"

"செப்டெம்பர்."

தலையை ஆட்டினார். வெறும் போத்தலைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு, "சரி, போட்டு வாறன்," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் பஸ் தரிப்பிடம் போய்ச் சேரும்வரை கேற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு உள்ளே வந்து, கம்பை எடுத்து, திறந்து கிடந்த தாங்கிக்குள் விட்டேன். ஏன் விட்டேன் என்று கேட்காதீர்கள்.

ஓடிய தூரத்துக்கு எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவுதான் குறைந்திருந்தது. கோட்டுக்கு மேலே, அவர் ஊற்றிய மருந்து ஒரு நூல் அளவு கூடியிருந்தது.